தை அமாவாசைக்கு ஏரியில் இறங்காதே

கிள்ளை,
மார்கழி 22.

அன்புள்ள அரசுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் இளமதியும் பெரியப்பா வீட்டாரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று போனில் சொன்னாய், அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்று நாலு தடவை சொல்லிவிட்டு டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய். அதோடு இந்த வீட்டில் எப்போதும் யாராவது ஒருத்தர் போனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், மனதில் இருப்பதைப் பேச முடிவதில்லை. எழுதிக் கொடு, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறேன் என்றாள் இளமதி. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். உனக்குப் புரியும், பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எல்லாம் நான்தானே எழுதிக் கொடுத்தேன்.

முதலில் ஊர்ச் சங்கதி. கார்த்திகை மழை இந்த வருஷம் நம் தெருவை விட்டுவிட்டது, வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. சிதம்பரம் மார்க்கெட்டில் என் மீன் கடை மந்தம்தான், மார்கழி பிறந்தால் பாதிப் பேர் கவுச்சி தொடுவதில்லை, ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் மூன்று நாள் கடையே போடவில்லை. வருகிறவர்களும் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டு என்னை ஒரு முறை முறைத்துவிட்டுச் சங்கரா வாங்கிப் போகிறார்கள், விலையை ஏதோ நான் கடலுக்குள் போய் ஏற்றிவிட்டு வந்த மாதிரி. இளமதிக்கு டீச்சர் டிரெயினிங் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள், விடிவதற்குள் பஸ் பிடிக்க ஓடுகிறாள், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அவளை அக்கா என்று கூப்பிடுகிறார்களாம், அது ஒரு கோபம். அப்பாவின் போட்டை உன் பெரியப்பா மகன் பாண்டியன்தான் ஓட்டுகிறான், இஞ்சின் சத்தம் முன்பு மாதிரி இல்லை, ஆனால் மீன் பாடு பரவாயில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற தை அமாவாசை உன் அப்பாவுக்குத் தலைத் தெவசம். அமாவாசையில் போன புண்ணியவான் என்று ஊரே சொல்கிறது, எனக்கு அந்தப் புண்ணியம் வேண்டாம், மனிதர் இருந்திருக்கலாம். பர்மிட் புதுப்பிக்கக் கொடுத்திருப்பதால் இந்த மாதம் சுவிட்சர்லாந்தை விட்டுக் கிளம்ப முடியாது என்று நீ சொன்னதும் பெரியப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். இங்கே முழுக்குத்துறையில் ஐயரை வைத்துப் பிண்டம் வைப்பது. அதே நேரத்தில் மூத்த பிள்ளை நீ அங்கே உங்கள் மலையடிவாரத்து ஏரியில் தலை மறைய மூன்று முழுக்குப் போட்டு, உடம்பு துடைக்காமல், ஈர வேட்டியோடு கரையில் உட்கார்ந்து, வீடியோ காலில் ஐயர் சொல்வதைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவது. "கொழாத் தண்ணி ஆவாது, தொறந்த தண்ணிலதான் முழுவணும். கடலோரத்துப் புள்ள பாத்ரூம்ல தெவசம் குடுத்தான்னு நாளைக்கி ஒரு பேச்சு வந்துடக் கூடாது" என்று அவர் சொன்னார், நீயும் மறுபேச்சு இல்லாமல் சரி பெரியப்பா என்றாய். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். ஏரி என்றதும் எனக்கு வீராணம் ஏரிதான் கண்ணில் வந்தது. இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே இன்னும் விடிந்தே இருக்காது என்பதும் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தீபிகா கூப்பிட்டாள். உன் கட்டிடத்தில் மேல் வீட்டில் இருக்கும் நர்ஸ் பெண், நம் நெல்லிக்குப்பத்துக்காரி, லீவில் வந்தபோது அவளிடம் உனக்குக் கருவாடு கொடுத்தனுப்பினேனே, அப்போது வாங்கி வைத்த நம்பர். "ஆன்ட்டி, நான் சொன்னேன்னு அவுருகிட்ட சொல்லிடாதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். சொல்லிவிட்டேன். அவளைக் கோபித்துக்கொண்டாய் என்று தெரிந்தால் அப்புறம் நான் உன்னிடம் பேச மாட்டேன். சனிக்கிழமை காலை நீ ஒத்திகை பார்க்கிறேன் என்று ஒருத்தரிடமும் சொல்லாமல் தனியாக ஏரிக்குப் போயிருக்கிறாய். அவள் வேலைக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் உன் கதவுக்கு முன்னால் நின்றாயாம், சாவியைப் பூட்டுக்குள் நுழைக்க முடியவில்லையாம். சட்டைப் பட்டன் ஒன்று மாற்றி ஒன்று, உள்ளே ஈர வேட்டி, உதடு நீலம். என்ன ஆச்சு என்று கேட்டால் நாக்குக் குழறியதாம், குடித்திருக்கிறாய் என்றே முதலில் நினைத்துவிட்டாளாம். ஈரத்தைக் கழற்றவைத்து, கம்பளி சுற்றி, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, சுடுதண்ணீரில் குளிக்கிறேன் என்று எழுந்தவனை, விறைத்த உடம்புக்கு உடனே அது ஆகாது என்று தடுத்து உட்காரவைத்து, அன்று அவள் வேலைக்கே தாமதமாகப் போயிருக்கிறாள். ஒரே ஒரு முழுக்குத்தான் போட்டேன் என்று அவளிடம் சொன்னாயாம். அடப்பாவி, ஒரு முழுக்குக்கே இந்தக் கோலம் என்றால் மூன்று முழுக்கும் அரை மணி நேரம் ஈர வேட்டியும் என்ன செய்யும்? அன்று சாயங்காலம் என்னிடம் போனில், நல்லா தூங்கி எழுந்தேம்மா, சனிக்கிழமைதானே என்றாய். வாய் கூசவில்லை உனக்கு.

அவளை நான் விடவில்லை, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவளும் அந்த ஏரியில் நீந்துகிற கும்பலில் இருக்கிறாளாமே, எனக்கு அது புது விஷயம். தை மாசியில் அந்தத் தண்ணீர் ஐந்து டிகிரிதானாம், ஃபிரிட்ஜில் இருக்கும் தண்ணீரும் அதுவும் ஒன்று. நம் கடல் இந்த மார்கழிக் குளிரிலும் இருபத்தாறு டிகிரி இருக்கிறது, இளமதி போனில் பார்த்துச் சொன்னாள். நீ முகத்துவாரத்தில் மூன்று வயதில் நீந்தினவன், எதிர்நீரில் போட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவன், எல்லாம் சரி, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது உப்புத் தண்ணீர், ஆளைத் தூக்கிக் கொடுக்கும். ஏரித் தண்ணீர் அப்படித் தூக்காது. நீச்சல் தெரிந்தவன்தான் அங்கே ஜாஸ்தி ஆபத்தில் மாட்டுகிறான், தெரியாதவன் இறங்கவே மாட்டானே என்று தீபிகா சொன்னாள். சடாரென்று குளிரில் இறங்கினதும் மூச்சு நம் பேச்சைக் கேட்காதாம், தானாக உள்ளே இழுக்குமாம், நெஞ்சு கண்டபடி அடித்துக்கொள்ளுமாம். அந்த நேரத்தில் தலை உள்ளே இருந்தால் இழுக்கிற மூச்சில் தண்ணீர்தான் போகும். அதைத் தாண்டினாலும் கொஞ்ச நேரத்தில் கையும் காலும் சொன்னபடி வராது, கரை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தாலும் ஏற முடியாது. ஏறி வந்த பிறகும் உடம்பு இன்னும் கொஞ்ச நேரம் உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டே போகுமாம், நீ ஏரிக்கரையில் நன்றாக இருந்து படிக்கட்டில் வந்து தடுமாறினது அதனால்தான். வெள்ளைக்காரர்கள் முழுகுகிறார்களே என்று நீ கேட்பாய், தெரியும். அவர்கள் ஐப்பசியிலிருந்தே வாரா வாரம் இறங்கிப் பழகினவர்கள், நாலு பேராகப் போவார்கள், தலையை உள்ளே விட மாட்டார்கள், இறங்கின வேகத்தில் ஏறிக் கம்பளிக்குள் போய்விடுவார்கள். நீ மட்டும் இருட்டில், ஒற்றை ஆளாக, தலை மறைய முழுகுகிறேன் என்கிறாய்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை. அவர் முப்பத்தைந்து வருஷம் கடலுக்குப் போனவர், தண்ணீரைப் பற்றி ஒரு பெண்பிள்ளை பாடம் எடுத்தால் கேட்பாரா? திங்கட்கிழமை மார்க்கெட்டிலிருந்து வரும்போது மீன் பெட்டியில் மிச்சமிருந்த ஐஸை அப்படியே கொண்டுவந்தேன், துணி அலசுகிற பெரிய டப்பில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். முதலில் நானே பார்த்துவிடலாம் என்று முகத்தை அதில் வைத்தேன். தினமும் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் எடுக்கிறவள் நான், குளிர் எனக்கு என்ன புதுசா என்ற திமிர்தான். வைத்த நொடியில் மூச்சு உள்ளே இழுத்தது பார், மூக்கு வாயெல்லாம் தண்ணீர், இருமி இருமிக் கண் பிதுங்கிவிட்டது. இளமதி ஓடிவந்து, உனக்குப் பைத்தியமா என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். தாயை அடிக்கிற வயசாகிவிட்டது அவளுக்கு.

அப்புறம் பெரியப்பாவைக் கூப்பிட்டனுப்பினேன். மாமா, அரசு இருக்கிற ஊர் ஏரியில தை மாசம் இந்தச் சில்லுதான் இருக்குதாம், முழங்கை வரைக்கும் கைய வச்சுப் பாருங்க என்றேன். சத்தியமாகக் கையைத்தான் வைக்கச் சொன்னேன். அவர் யார், பூவராகன் ஆயிற்றே, இதுக்கா இம்மாம் பயம் என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து முகத்தையே விட்டார். நான் ஐயோ மாமா என்று கத்துவதற்குள் மேலே வந்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தபடி மூச்சைத் தேடிக்கொண்டு இருந்தார், அவரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். வெந்நீர் கொடுத்து, துண்டால் துடைத்துவிட்டேன். "இதுலயா அமிர்தம் என் தம்பி புள்ளைய மூணு வாட்டி முழுவச் சொன்னேன்" என்று கேட்டுவிட்டுச் சின்னப் பையன் மாதிரி அழுதார். வைத்தி என்னய மன்னிக்கவே மாட்டான் என்று அப்பா படத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் அழுது நான் பார்த்தது கிடையாது, அப்பா போன அன்றைக்குக்கூட ஆக வேண்டியதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஆனால் பெரியப்பா பெரியப்பாதான். கண்ணைத் துடைத்த கையோடு, அப்ப தொறந்த தண்ணிக்கி என்ன வழி என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பிள்ளை முழுகி விடுகிற தண்ணீர் இல்லாமல் தம்பி தாகத்தோடு நிற்பானே என்கிற கவலை அவருக்கு, அதைக் கேட்டு நான் சிரிக்க மாட்டேன், எனக்கும் அந்தக் கவலை உண்டு. தீபிகாவுக்கு வீடியோ கால் போடு என்று இளமதியிடம் சொன்னார். போட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, உங்க ஊருல கொழாத் தண்ணி எங்கேந்து வருது?" அவள் கொஞ்சம் முழித்துவிட்டு, ஏரியிலேர்ந்துதான் பெரியப்பா, சுத்தம் பண்ணி வீட்டுக்கு வீடு வுடறாங்க என்றாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஏரியே வூட்டுக்கு வருது, இவன் ஏன் ஏரிக்குப் போவணும்? கொஞ்சம் சுட வச்ச ஏரி, அவ்ளோதான்" என்று எழுந்துவிட்டார். ஐயரிடமும் பேசிவிட்டார், நீ உன் குளியலறையிலேயே வெந்நீரில் குளித்துவிட்டு எள்ளும் தண்ணீரும் விடலாம், தாராளமாகச் செய்யலாம் என்று அவரும் சொல்லிவிட்டார். இங்கே முழுக்குத்துறையில் உன் பேரைச் சொல்லிப் பெரியப்பாவே மூன்று முழுக்கும் போடுகிறார். அன்று நேரத்தையும் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டேன், உனக்கு விடிந்த பிறகுதான் ஐயர் ஆரம்பிப்பார். அவர் வேறு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கொஞ்சம் முனகினார், ஒரு வஞ்சிரம் விலைக்குத் தட்சிணை தருகிறேன் என்றதும் சரி என்றார்.

சரி, சடங்குக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் அரசு, நீ சடங்குக்காக மட்டும் அந்தத் தண்ணீரில் இறங்கினாய் என்று நான் நம்பவில்லை. பெரியப்பா சொன்னது தை அமாவாசைக்கு, ஒத்திகை பார்க்கச் சொல்லி அவர் சொல்லவில்லை. போன வருஷம் நீ ஏற வேண்டிய பிளேன் பனியில் நின்றுபோய், நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, பாண்டியன் கொள்ளி வைத்தான். அன்று வாசலில் பெட்டியோடு நின்றவன் முகத்தை நான் மறக்கவில்லை. அப்பாவுக்குத் தீயை வைக்க முடியவில்லை, தண்ணீரையாவது பட வேண்டிய கஷ்டம் பட்டு விடுகிறேன் என்று நீ உள்ளுக்குள் கணக்குப் போட்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. குளிரக் குளிர முழுகினால்தான் அது முழுக்கு என்று தீபிகாவிடம் நீ சொன்னதாக அவள் சொன்னபோது எனக்கு அது உறுதியாகிவிட்டது. கேட்டுக்கொள். உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அப்பாவுக்கும் இருந்திருக்காது. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னவர் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் வண்டியில் பேசின கடைசிப் பேச்சு என்ன தெரியுமா, அரசுக்கு இப்ப போன் போடாத, அவன் அங்க பயந்துக்குவான், பனியில வண்டி ஓட்டுவான் என்பதுதான். அவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்த உடம்பை நீ கொண்டுபோய் ஐந்து டிகிரித் தண்ணீரில் தண்டிக்கிறாய். அது யாருக்கும் செய்கிற கடன் இல்லை. எனக்கு ஒரு வருஷத்துக்கு ஒரு சாவு போதும்டா.

ஏரியையே மறந்துவிடு என்று நான் சொல்லவில்லை, தண்ணீரைப் பார்த்துவிட்டு இறங்காமல் இருக்க உன்னால் முடியாது, அது உன் அப்பா கொடுத்த ரத்தம். ஆடியில் போ. ஆடி அமாவாசை ஆகஸ்ட் மாதத்தில் வருகிறது, அப்போது உங்கள் ஏரி இருபது இருபத்திரண்டு டிகிரிக்கு வந்துவிடுமாம், நம் ஊர் அளவுக்கு இல்லை என்றாலும் ஆள் இறங்கலாம். அன்று அப்பாவுக்குத் திறந்த தண்ணீரில் மூன்று முழுக்கும் ஆசைதீரப் போடு. அதுவரைக்கும் பொறு, முக்கியமாக சித்திரை வைகாசியில் வெயிலைப் பார்த்து ஏமாந்துவிடாதே, அங்கே அப்போதுதான் மலைப்பனி உருகி ஏரிக்கு வருமாம், மேலே சட்டையைக் கழற்றுகிற வெயில் அடிக்கும், தண்ணீர் அப்படியே விறைக்க வைக்கும். ஓடை வந்து ஏரியில் கலக்கிற இடத்துப் பக்கம் ஆடியிலும் போகாதே. மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் ஆழத்தில் குளிர் அப்படியே தங்கியிருக்குமாம், இடுப்புக்குச் சுகமாக இருக்கிறது என்று கால் போன போக்கில் போகாதே. குதிக்காதே, முகத்தையும் பிடரியையும் கொஞ்சம் நனைத்துக்கொண்டு நடந்து இறங்கு, மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு நீந்து. நடுக்கம் எடுக்கும் வரைக்கும் இருக்காதே, அதற்கு முன்னால் ஏறிவிடு, காய்ந்த துணி கரையில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். தீபிகா கும்பல் கட்டிக்கொள்கிற ஆரஞ்சு மிதவையை நீயும் இடுப்பில் கட்டிக்கொள், கௌரவம் பார்க்காதே. தனியாகப் போகவே போகாதே. தீபிகா கும்பலோடு போ. அந்தப் பெண் யார், எவர், உனக்கு அவள் ஏன் அவ்வளவு அக்கறையாக டீ போட்டுக் கொடுக்கிறாள் என்றெல்லாம் நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டேனா? குரல் நன்றாக இருக்கிறது, பெரியவர்களிடம் பேசத் தெரிகிறது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

அங்கே பொங்கலுக்கு லீவு கிடையாது என்றாலும் ஒரு பிடி அரிசியாவது பொங்கி வை, வெல்லம் இல்லை என்றால் சர்க்கரை போடு. கம்பளி உள்சட்டை இரண்டு வைத்துக்கொள், ஒன்றையே துவைத்துத் துவைத்துப் போடாதே. கருவாடு தீர்ந்துவிட்டால் சொல், நெல்லிக்குப்பத்து வீட்டில் யாரோ மாசியில் அங்கே வருகிறார்களாம், கொடுத்தனுப்புகிறேன். நீ நூறு வயசு இருக்கணும், நல்ல வேலையும் நல்ல தூக்கமும் உனக்கு அமையணும், பெரியப்பாவும் உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் இரண்டு தடவை படி. அமாவாசை அன்று வீடியோ காலில் நான் முதலில் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன், உன் முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்றுதான் பார்ப்பேன். உன் குளியலறையின் டைல்ஸ் தெரிய வேண்டும், தண்ணீரிலிருந்து ஆவி வருவது தெரிய வேண்டும். அங்கே ஏரியோ மரமோ கரையோ தெரிந்தால், ஐயர் எந்த இடத்தில் இருந்தாலும் சரி, இலையில் போட்டது போட்டபடி கிடக்கட்டும் என்று நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். உன் அப்பா அன்றைக்குப் பட்டினியாகத் திரும்பிப் போவார். போகட்டும். பிள்ளைக்காகப் பட்டினி கிடப்பது அவருக்குப் புதுசு இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
அமிர்தம்